எக்ஸ்பிரசிவ் பேட் கன்ட்ரோலர்: மின்னணு இசையில் கமகம் வாசித்தல்

எக்ஸ்பிரசிவ் பேட் கன்ட்ரோலர் என்பது விரல் பட்ட இடம், பட்ட வேகம், அழுத்தும் அளவு, விரல் நகரும் திசை ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, அவற்றை எண்களாக மாற்றிக் கணினிக்கோ சிந்தசைசருக்கோ அனுப்பும் இசைக் கருவியாகும். இதில் வெள்ளை, கறுப்புக் கட்டைகள் இல்லை. ரப்பர் அல்லது சிலிக்கான் பரப்பின் மேல் சதுரக் கட்டங்கள் வரிசையாக அமைந்திருக்கும். அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பேட் எனப்படும். தமிழில் இதைத் ‘தட்டு’ என்று சொல்லலாம் என்றாலும், ‘இசைத்தட்டு’ என்றவுடன் கிராமபோன் தட்டே நினைவுக்கு வரும். ஆகவே இக்கட்டுரையில் இசைக்கூடங்களில் வழங்கும் ‘பேட்’ என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

இக்கருவிகளில் பெரும்பாலானவை தாமாக ஒலி எழுப்புவதில்லை. விரலின் செயலை அளந்து சொல்வதே இவற்றின் வேலை. ஒலியைக் கணினியில் உள்ள மென்பொருள் உருவாக்கும். தமிழ் மாணவர்களுக்கு இக்கருவி முக்கியமாவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் இசையின் உயிர் கமகம், அதாவது சுரத்தின் அசைவு. சாதாரண கீபோர்டு இந்த அசைவை விரலிடமிருந்து பெற்றுக்கொள்வதில்லை. எக்ஸ்பிரசிவ் பேட் பெற்றுக்கொள்கிறது.

கட்டை வாத்தியங்களின் குறை

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட சுரம் ஒலிக்கும். அடுத்த கட்டையை அழுத்தினால் அடுத்த சுரம் ஒலிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்திற்கு விரலால் போக முடியாது. மேனாட்டு இசையில் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. ஆனால் கருநாடக இசையில் ஒரு சுரம் பல ராகங்களில் நிலையாக நிற்பதே இல்லை. தோடி ராகத்தின் காந்தாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்தால்தான் தோடியாகக் கேட்கும். அசைவின்றி அந்தக் கட்டையை மட்டும் அழுத்தினால் சுரம் சரியாக இருக்கும், ராகம் இருக்காது.

இந்த வழக்கு மின்னணு இசைக்கு முந்தியது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் தமிழ் இசை நாடக மேடைகளில் நிலைத்த இடம் பெற்றது. ஆனால் கமகம் பேசாத பெட்டி என்ற குற்றச்சாட்டும் அதைத் தொடர்ந்தே வந்தது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த அந்தத் தடை 1970களின் தொடக்கத்தில்தான் தளர்ந்தது.

மறுபுறம், புதிய வாத்தியத்தை நம் இசைக்குப் பழக்கிக் காட்டிய கலைஞர்களும் உண்டு. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினிலும், கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்சபோனிலும் கமகத்தைக் கொண்டுவந்தனர். கீபோர்டிலேயே கருநாடக இசைக் கச்சேரி செய்யும் கே. சத்தியநாராயணன், கருவியின் இடப்பக்கத்தில் உள்ள பிட்ச் பெண்ட் சக்கரத்தால் சுரத்தை வளைக்கிறார். இது கடும் பயிற்சியால் வரும் திறமை. ஒரு கை சுரத்தைத் தொட, மறு கை அதை வளைக்க வேண்டும். தொடுவதும் வளைப்பதும் ஒரே விரலின் வேலையாகும்போதுதான் வீணை, வயலின் ஆகியவற்றின் இயல்பு கைக்கு வருகிறது.

விரல் செயலை நுணுகிப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரி, யாழ் வாசிப்பில் வார்தல், உருட்டல் முதலான எட்டு இசைக்கரணங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறது. எந்த நரம்பு என்பதோடு, விரல் அந்த நரம்பை என்ன செய்கிறது என்பதும் அன்றே இசையின் இலக்கணமாக இருந்தது.

மிடி: கருவிகள் பேசும் மொழி

பேட் எவ்வாறு கணினியுடன் பேசுகிறது என்பதை அறிய, மிடி என்ற பொது மொழியை அறிய வேண்டும். 1983இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டால், வேறு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப முடிந்தது. மிடி ஒலியை அனுப்புவதில்லை. “60ஆம் எண் சுரத்தை, 90 என்ற வேகத்தில் தொடங்கு” என்பது போன்ற கட்டளையையே அனுப்புகிறது.

மிடியின் முக்கியமான எண்கள் இவை:

• சுர எண் 0 முதல் 127 வரை. கீபோர்டின் நடுவில் உள்ள ‘மிடில் சி’ என்ற கட்டை 60 ஆகும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட தூரம் ஓர் அரைச்சுரம். பன்னிரண்டு அரைச்சுரங்கள் சேர்ந்தது ஒரு ஸ்தாயி.

• வெலாசிட்டி எனப்படும் தட்டும் வேகம் 1 முதல் 127 வரை. மெல்லத் தட்டினால் சிறிய எண், ஓங்கித் தட்டினால் பெரிய எண்.

• பிரஷர் எனப்படும் அழுத்தம் 0 முதல் 127 வரை. தட்டிய பிறகு விரலை எடுக்காமல் அழுத்தும் அளவை இது சொல்லும்.

• பிட்ச் பெண்ட் எனப்படும் சுர வளைவுக்கு 16,384 படிகள். நடுப்படியில் சுரம் வளையாமல் நிற்கும்.

• சேனல்கள் 16. ஒரே கம்பியில் பதினாறு தனி வழிகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பிட்ச் பெண்ட் கட்டளை ஒரு சேனல் முழுவதற்கும் பொதுவானது. இடக்கை ஆதார ஷட்ஜத்தைப் பிடித்திருக்க, வலக்கை காந்தாரத்தை அசைக்க நினைத்தால், ஷட்ஜமும் சேர்ந்து அசையும். தம்புராவே ஆடினால் பாட்டு எங்கே நிற்கும்?

எம்.பி.இ.: விரலுக்கு ஒரு வழி

இச்சிக்கலுக்கான விடை எளிமையானது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தனிச் சேனல் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு சுரமும் தனியாக வளையும். இந்த முறையைப் பல கருவிகள் தத்தம் வழியில் செய்துவந்தன. 2018இல் மிடி அமைப்பு இதை ஒரு பொதுத் தரமாக ஏற்றது. இதன் பெயர் மிடி பாலிபோனிக் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக எம்.பி.இ.

வழக்கமான எம்.பி.இ. அமைப்பில் 1ஆம் சேனல் எல்லாச் சுரங்களுக்கும் பொதுவான கட்டளைகளை எடுத்துச் செல்லும். 2 முதல் 16 வரையுள்ள பதினைந்து சேனல்கள் விரல்களுக்குப் பங்கிடப்படும். ஒவ்வொரு விரலும் மூன்று வகைத் தொடர் செய்திகளை அனுப்பும். விரல் இடம் வலமாக நகர்ந்தால் சுரம் வளையும். அழுத்தம் கூடினால் பெரும்பாலும் ஒலியின் அளவு கூடும். விரல் மேலும் கீழும் நகர்ந்தால் ஒலியின் நிறம், அதாவது அதன் கூர்மையோ மென்மையோ மாறும். இந்த மூன்றாவது செய்தி கன்ட்ரோல் எண் 74 என்ற வழியில் செல்கிறது. தட்டும் வேகத்தையும் விரலை எடுக்கும் வேகத்தையும் சேர்த்தால் ஐந்து வகை உணர்வுகள் ஆகின்றன.

சுர வளைவின் எல்லையாக எம்.பி.இ. பொதுவாக 48 அரைச்சுரங்களை எடுத்துக்கொள்கிறது. மேலே 48, கீழே 48 என மொத்தம் 96. ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று பிரிப்பது இசை அளவை வழக்கம். அப்படியானால் மொத்தம் 9,600 சென்ட். 16,384 படிகளை 9,600ஆல் வகுத்தால் ஒரு சென்டுக்கு ஏறத்தாழ 1.7 படிகள் கிடைக்கும். எனவே கமகத்தின் வழுவழுப்புக்கு எண்கள் போதாமல் போவதில்லை.

2020இல் வெளிவந்த மிடி 2.0 ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவை அடிப்படை விதியாகவே வைத்துள்ளது. எனினும் இன்று கைக்குக் கிடைக்கும் கருவிகளிலும் மென்பொருள்களிலும் எம்.பி.இ. முறையே பரவலாக உள்ளது.

பேடின் வளர்ச்சி

பேட் முதலில் தாளத்துக்காக வந்தது. அமெரிக்கப் பொறியாளர் ரோஜர் லின் வடிவமைத்து, ஜப்பானின் அகாய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்.பி.சி. 60 என்ற கருவியில் நாலுக்கு நாலாக 16 பேட்கள் இருந்தன. ஒலித்துணுக்குகளைப் பதிந்து, பேடில் தட்டி வாசிக்கும் முறை இதன்மூலம் உலகெங்கும் பரவியது. அதே ரோஜர் லின் 2014இல் லின்ஸ்ட்ருமென்ட் என்ற கருவியைக் கொண்டுவந்தார். இதில் எட்டு வரிசைகளில் 25 வீதம் 200 பேட்கள் உள்ளன. ஒவ்வொன்றும் விரலின் மூன்று திசை அசைவையும் அளக்கும். 2023இல் வந்த ஏபிள்டன் புஷ் 3 கருவியின் 64 பேட்களும் எம்.பி.இ. முறையில் இயங்குகின்றன.

தமிழ்நாட்டு வாசகர் இவ்வகைக் கருவியின் ஒலியைப் பெயர் அறியாமலே கேட்டிருக்கக்கூடும். ஏ. ஆர். ரகுமான், பேட் கருவிகளின் நெருங்கிய உறவான கன்டினியூம் என்ற கருவியைப் பாடலிலும் மேடையிலும் பயன்படுத்தியுள்ளார். 2009இல் வெளிவந்த ‘தில்லி-6’ இந்திப் படத்தின் ‘ரெஹனா தூ’ பாடல் இதற்குச் சான்று. கன்டினியூமை உருவாக்கியவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்போல்ட் ஹேக்கன். அதில் கட்டங்களே இல்லை. நீளமான, மெத்தென்ற சிவப்புப் பரப்பு ஒன்றுதான் உண்டு. விரல் எங்கே வைக்கப்படுகிறதோ அங்கே சுரம், நகர்ந்தால் ஜாரு, ஆடினால் கம்பிதம். கீபோர்டு வாசிப்பாளராகத் தொழிலைத் தொடங்கிய ஒருவர் கட்டைகளே இல்லாத கருவியைக் கையில் எடுத்தது, கட்டைகளின் குறை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டுகிறது.

தனிக் கருவி இல்லாமல் ஐபேட் திரையிலேயே வாசிப்பதும் வளர்ந்துள்ளது. ஜியோஷ்ரெட் என்ற செயலியில் கருநாடக இசையை வாசித்து அறியப்பட்டவர் மகேஷ் ராகவன். கண்ணாடித் திரையில் ஜாருவும் கம்பிதமும் வரும் என்பதற்கு அவரது வாசிப்பு கண்முன் உள்ள சான்று.

வீணையும் பேடும்

வீணை கற்ற மாணவருக்கு லின்ஸ்ட்ருமென்ட் எளிதில் புரியும். வீணையில் 24 மெட்டுகள் உள்ளன. மெட்டைத் தொடாமல் மீட்டும் திறந்த தந்தியையும் சேர்த்தால் ஒரு தந்தியில் 25 சுர இடங்கள், அதாவது இரண்டு ஸ்தாயிகள். லின்ஸ்ட்ருமென்டின் ஒரு வரிசையிலும் 25 பேட்கள் உள்ளன. முதல் பேடை ஷட்ஜமாகக் கொண்டால் 13ஆம் பேட் மேல் ஷட்ஜம், 25ஆம் பேட் அதற்கும் மேல் ஷட்ஜம். ஆகவே ஒரு வரிசையை ஒரு தந்தியாகவே எண்ணி வாசிக்கலாம்.

வரிசைகளுக்கு இடையே பொதுவாக ஐந்து அரைச்சுர வேறுபாடு வைக்கப்படுகிறது. கீழ் வரிசையின் ஷட்ஜத்துக்கு நேர் மேலே உள்ள பேட் சுத்த மத்திமம் ஆகும். இந்த ஒழுங்கால் ஒரு நன்மை உண்டு. மோகனத்தின் ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களும் 0, 2, 4, 7, 9 என்ற இடைவெளிகளில் அமைகின்றன. எந்தப் பேடை ஷட்ஜமாகக் கொண்டாலும் விரல் நடை இதேதான். பாடகருக்கு ஒரு கட்டை சுருதி, இன்னொருவருக்கு ஐந்து கட்டை சுருதி என்றால், கையை நகர்த்தி வைத்தால் போதும். கீபோர்டில் சுருதி மாறினால் வெள்ளை, கறுப்புக் கட்டைகளின் வரிசை மாறிவிடும்.

வேறுபாடும் உண்டு. வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் சிறிது இழுத்தாலே சுரம் ஏறும். பேடில் விரல் உண்மையாகவே அடுத்த கட்டங்களை நோக்கி நகர வேண்டும். சிறிய அசைவுக்கு விரல் நுனியை உருட்டினால் போதும். தோடியின் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே நான்கு அரைச்சுரங்கள் இருப்பதால், அதன் காந்தார அசைவுக்கு மணிக்கட்டோடு கை நகர வேண்டியிருக்கும். அதை விரைவாகச் செய்ய நாள்பட்ட பழக்கம் தேவை.

அமைக்கும் முறை

1. இணைத்தல். கருவியை யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கணினியுடன் இணைக்க வேண்டும். பதிவு மென்பொருளின் மிடி அமைப்பில் அக்கருவியின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. தாமதத்தைக் குறைத்தல். விரல் பட்டதற்கும் ஒலி கேட்பதற்கும் இடைப்பட்ட நேரமே தாமதம். கணினி ஒலியைச் சிறு கூடைகளாக அள்ளி அனுப்புகிறது என்று கொள்ளலாம். இக்கூடையின் அளவு பஃபர் எனப்படும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 1,024 அளவுள்ள பஃபர் 23 மில்லிநொடி ஆகும். 256 என்றால் 6 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு. வாசிக்கும்போது 256 அல்லது 128 வைத்துக்கொண்டு, ஒலிக்கலவை செய்யும்போது கூட்டிக்கொள்ளலாம். மிகக் குறைத்தால் ஒலியில் வெடிப்புச் சத்தம் வரும். அப்போது ஒரு படி கூட்ட வேண்டும்.

3. இரு பக்கமும் எம்.பி.இ.யை இயக்குதல். கருவியில் மட்டும் எம்.பி.இ. இருந்தால் போதாது. ஒலி எழுப்பும் மென்பொருளிலும் அதை இயக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்.டி., வைட்டல் ஆகிய சிந்தசைசர்கள் எம்.பி.இ.யை ஏற்கும். பதிவு மென்பொருள்களில் பிட்விக், லாஜிக் ப்ரோ ஆகியவற்றிலும், 2021இல் வந்த ஏபிள்டன் லைவ் 11 முதலான பதிப்புகளிலும் இவ்வசதி உண்டு.

4. வளைவின் எல்லையைப் பொருத்துதல். புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இது. கருவி 48 என்றும் மென்பொருள் 24 என்றும் இருந்தால், விரல் நகர்ந்த தூரத்தில் பாதிதான் சுரம் நகரும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு 7 அரைச்சுரம் வழுக்கினால், ஒலி 3.5 அரைச்சுரத்தில் நின்றுவிடும். இரு காந்தாரங்களுக்கும் நடுவே, எந்த ராகத்துக்கும் ஒட்டாத இடம் அது. தட்டும்போது சுரம் சரியாகவும் வழுக்கும்போது தவறாகவும் கேட்டால், முதலில் இந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

5. சுர ஈர்ப்பைத் தளர்த்துதல். பல கருவிகளில், விரல் சற்று விலகி வைத்தாலும் அருகிலுள்ள சுரத்துக்கே இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கும். தொடக்கத்தில் இது துணை செய்யும். ஆனால் கமகத்தின் நடுவிலும் இந்த ஈர்ப்பு வேலை செய்தால், மழமழப்பான ஜாரு படிக்கட்டுப் போல உடையும். முதல் தொடுதலுக்கு மட்டும் ஈர்ப்பை வைத்து, விரல் நகரும்போது அதை நிறுத்திவிடுவது நல்லது.

6. அழுத்தத்துக்கு வேலை கொடுத்தல். மென்பொருளில் அழுத்தத்தை ஒலியளவுடன் இணைத்தால், வயலின் வில்லைப் போலச் சுரத்தை மெல்லத் தொடங்கி வளர்த்து அடக்கலாம். மேல்கீழ் அசைவை ஒலியின் கூர்மையுடன் இணைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை.

பயிற்சி முறை

முதலில் தம்புரா ஒலியை ஓடவிட வேண்டும். அதன் மேல் ஒரே சுரத்தை, நான்கு அட்சர காலத்துக்குச் சிறியதிலிருந்து பெரிதாக்கி மீண்டும் சிறிதாக்கும் பயிற்சியைச் செய்யலாம். விரலின் அழுத்தம் கூடும்போது சுரம் இடம் மாறாமல் நிற்க வேண்டும். இது எளிதாகத் தோன்றும், எளிதன்று.

அடுத்தது ஜாரு. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏற்ற ஜாரு, பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறக்க ஜாரு. போய்ச் சேரும் சுரத்தில் விரல் துல்லியமாக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டே திருத்த வேண்டும்.

மூன்றாவது கம்பிதம். முதல் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஓர் அசைவு, பிறகு இரண்டு, பிறகு நான்கு. அசைவின் அகலம் வேகம் கூடும்போது சுருங்கிவிடும். அது சுருங்காமல் காப்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம்.

நான்காவதாக, இடக்கை விரலால் ஆதார ஷட்ஜத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலால் காந்தாரத்தை அசைக்க வேண்டும். ஷட்ஜம் அசையாமல் நின்றால் எம்.பி.இ. சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்து ஆடினால் அமைப்பில் பிழை உள்ளது.

இதன் பிறகு சரளி வரிசை, கீதம், வர்ணம் என்று வழக்கமான பாட வரிசையிலேயே செல்லலாம். ஒவ்வொரு வரியையும் முதலில் வாயால் பாடி, பிறகு விரலால் வாசிப்பது நல்ல முறை.

பதிவு செய்தபின் மென்பொருளில் ஒவ்வொரு சுரத்தின் வளைவும் ஒரு கோடாகத் தெரியும். சிறு பிழைகளை அங்கேயே திருத்தலாம். ஆயினும் எல்லா வளைவுகளையும் நேராக்கிவிடக் கூடாது. அந்த வளைவுகளுக்காகத்தான் இக்கருவி.

தாள வாத்தியங்களுக்குப் பேட்

தாளத்துக்கு 16 பேட் கொண்ட எளிய கருவியே போதும். கீழ் வரிசையில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கச் சொற்கள், மேல் வரிசையில் நம், தின், சாப்பு முதலிய வலந்தலைச் சொற்கள் என்று பிரித்துக்கொள்ளலாம். இரு கைகளின் வேலையும் உண்மையான வாத்தியத்தில் போலவே பிரிந்து நிற்கும். ஒரே சொல்லை மெதுவாகவும் ஓங்கியும் வாசித்துத் தனித்தனியே பதிந்து, தட்டும் வேகத்துக்கு ஏற்ப அவை ஒலிக்குமாறு அமைத்தால் இயந்திரத்தனம் குறையும்.

அழுத்தத்தை உணரும் பேடாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கஞ்சிராவில் இடக்கை விரல் தோலை அழுத்தும்போது நாதம் வளைகிறது. மிருதங்கத்தின் கும்கியும் அப்படியே. உறுமியில் வளைந்த குச்சி தோலின் மேல் தேய்ந்து முனகல் ஒலி எழுப்புகிறது. இம்மூன்றும் தட்டல் மட்டும் அல்ல, தட்டிய பின் தொடரும் அழுத்தம். சாதாரண டிரம் பேடால் இவற்றைச் சொல்ல முடியாது. அழுத்தத்தைச் சுர வளைவுடன் இணைத்த பேடால் ஓரளவு சொல்ல முடியும்.

ஊர் ஒலிகளைப் பதிதல்

பேடில் வாத்திய ஒலிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கைப்பேசியில் பதிந்த எந்த ஒலியையும் பேடில் ஏற்றலாம். நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவி போன்ற ஊரில் ஒரு மாணவருக்கு இதற்குப் பஞ்சமில்லை. நெற்கதிர் அறுக்கும் எந்திரம், போர்வெல் மோட்டார், வாய்க்கால் மதகில் விழும் நீர், கோயில் மணி, தொலைவில் பழுப்பு நிலக்கரிச் சுரங்க எந்திரங்களின் இரைச்சல் ஆகிய எல்லாமே இசைக்குரிய மூலப்பொருள். சுரங்கம் விரிய விரிய வயல்களின் எல்லை மாறிவரும் பகுதி இது. இன்று கேட்கும் வயல் ஒலி பத்து ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் கேட்காமல் போகலாம். ஆகவே பதியும்போது நாள், நேரம், இடம் ஆகியவற்றையும் கோப்பின் பெயரிலேயே குறித்துவைப்பது நல்லது. பாடலுக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் அது ஊரின் ஆவணமாக இருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது

பேட் என்ற பெயரில் பல தரத்துக் கருவிகள் விற்கப்படுகின்றன. வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். தட்டும் வேகத்தை மட்டும் உணருமா, தொடரும் அழுத்தத்தையும் உணருமா? அழுத்தத்தை ஒவ்வொரு பேடுக்கும் தனித்தனியே அனுப்புமா, எல்லாவற்றுக்கும் பொதுவாக அனுப்புமா? விரல் பக்கவாட்டில் நகர்வதை அளக்குமா? எம்.பி.இ. உண்டா? தாளம் மட்டும் வேண்டுவோருக்கு முதல் கேள்வியே போதும். கமகம் வேண்டுவோருக்கு நான்கும் தேவை.

விரலின் மூன்று திசை அசைவையும் உணரும் கருவிகள் விலை மிகுந்தவை. அவற்றை வாங்க இயலாத மாணவர், தொடுதிரைச் செயலியில் ஜாருவும் கம்பிதமும் பழகலாம். பெரும்பாலான கைப்பேசித் திரைகள் அழுத்தத்தை அளப்பதில்லை. அதற்கு மாற்றாக விரலின் மேல்கீழ் அசைவை ஒலியளவுக்கு அமைத்துக்கொள்ளலாம். பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள பழைய கீபோர்டு வீட்டில் இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு சுரம் என்ற எல்லைக்குள் அதிலும் கமகம் பழக முடியும்.

கருவியின் எல்லைகள்

பேடுக்கு ராகம் தெரியாது. மோகனத்தின் ஐந்து சுரங்களை மட்டும் ஒளிரச் செய்து, மற்றவற்றை மறைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. அதனால் தவறான சுரம் விழாது என்பது உண்மை. ஆனால் எந்தச் சுரத்தில் நிற்பது, எதை அசைப்பது, எதைத் தொட்டு விடுவது என்பதைக் கருவி சொல்லித் தராது. அதைக் குருவிடமிருந்தும் நல்ல கேள்வி ஞானத்திலிருந்தும்தான் பெற வேண்டும்.

நாதஸ்வரக் கலைஞரின் மூச்சு, சீவாளியின் ஈரம், வீணைத் தந்தி விரல் நுனியில் அறுக்கும் உணர்வு ஆகியவையும் பேடில் இல்லை. தந்தி விரலை எதிர்த்துத் தள்ளுவதால் எவ்வளவு இழுத்தோம் என்பது வீணைக் கலைஞரின் கைக்குத் தெரிகிறது. வழவழப்பான பரப்பில் அந்த எதிர்ப்பு இல்லாததால், காதை மட்டுமே நம்ப வேண்டியுள்ளது. வாய்ப்பாட்டு கற்ற மாணவர்களுக்குப் பேட் விரைவில் கைவருவதும், கண்ணால் கட்டங்களை எண்ணி வாசிப்போருக்கு நெடுநாள் பிடிப்பதும் இதனால்தான்.